தோண்டும் முன் வரைபடம் எங்கே?

(பெரம்பூரில் குடியிருப்போர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வேலைகளுக்கு நடுவே வந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, பக்கத்தில் அமர்ந்து கடிகாரத்தையே பார்க்கும் செயலாளர் அவர்களே, முன்வரிசைத் தாய்மார்களே, பின்னால் நிற்கும் பழைய பின்னி மில் தோழர்களே, வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. அடுத்த முறை துண்டாகப் போர்த்தினால் உபயோகப்படும்.

மூடிய ஆலை நிலத்தை என்ன செய்வது? மண், குழாய், பணம் என்று மூன்று சேதி சொல்ல வந்தேன். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது என் வழக்கமான பல்லவி.

முதலில் மண். அமெரிக்காவின் சியாட்டிலில் ஒரு எரிவாயு ஆலை 1956ல் நின்றது. தாரும் பென்சீன் என்ற நச்சுப் பொருளும் ஊறிய அந்த மண்ணில் பூங்கா திறக்க 1975 ஆயிற்று. ஆலை நின்றாலும் அதன் நஞ்சு மண்ணில் நிற்கும் என்பதுதான் சேதி. மண்ணுக்கு இது போதும்.

இப்போது குழாய். நாம் பின்னி மில் என்கிறோமே, அதில் பக்கிங்ஹாம் மில் 1878ல் வந்தது. கர்நாடிக் மில்லோடு சேர்ந்து 1996 வரை ஓடியது. சங்கு ஊதினால் வந்து, ஷிப்டு முடிந்ததும் போனவர்கள் தொழிலாளிகள். குளியலும் துவைப்பும் அவரவர் வீட்டில். இன்று அதே நிலத்தில் அடுக்குமாடிகள். காலை ஆறிலிருந்து எட்டுக்குள் அத்தனை குளியலறையும் ஒன்றாகத் திறக்கும். சென்னையின் கழிவுநீர் அமைப்போ, 1961ல் எத்தனை பேர் இருப்பார்கள் என்று 1910ல் போட்ட கணக்கில் தொடங்கியது. அப்புறம் விரிவாக்கினார்கள், இல்லையென்று சொல்லவில்லை. அதற்கும் மிஞ்சும் கழிவுநீர் ஓட்டேரி நல்லா கால்வாயின் தலையில்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். எங்கள் தெருவில் புதுசாகத் தார் போட்டார்கள். தார் காயவில்லை, குடிநீர்க் குழாய்க்கு ஒரு கூட்டம் தோண்டியது. மூடினார்கள். மறுநாள் கேபிள்காரர்கள். அவர்கள் கடப்பாரை குழாயில் இறங்க, டீக்கடை பெஞ்சு வரை தண்ணீர்! வால்வை மூடலாமென்றால் அது எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அதிகாரி போனில் யாரையோ கேட்கிறார், அவர் இன்னொருவரைக் கேட்கிறார். அந்த நேரம் ரிட்டயரான மில் பெரியவர் ஒருவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். சுவரிலிருந்து நாலு எட்டு வைத்து, குச்சியால் தட்டி, "இங்க தோண்டுப்பா" என்றார். மூன்றடியில் வால்வு! அதிகாரி கேட்டார்: "ஐயா, வரைபடம் வெச்சிருக்கீங்களா?" பெரியவர் சொன்னார்: "அத உங்க ஆபீஸ்லதான் தொலைச்சீங்க." (கைதட்டல்)

2023 மார்ச்சில் ஒன்றிய அரசு 'கால் பிஃபோர் யூ டிக்' என்ற செயலியைக் கொண்டுவந்தது. தோண்டப் போகிறவர் பதிந்தால், அங்கே குழாயோ கேபிளோ வைத்திருக்கும் நிறுவனத்துக்குத் தகவல் போகும். நல்லதுதான். ஆனால் எந்தப் பதிவேட்டிலும் இல்லாத பழைய ஆலைக் குழாய்க்கு யாரைக் கூப்பிடுவது?

அதனால்தான் கேட்கிறோம்: ஆலை நிலத்தில் கட்டட அனுமதி தருமுன், அடியில் இருக்கும் குழாய், கேபிள், வடிகால் அத்தனையையும் அளந்து வரைபடமாக்கி, வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். வெள்ளம் வருமுன் அணை. மாமன்ற உறுப்பினர் தலையாட்டுகிறார். குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள் செயலாளரே!

நேரம் முடிந்தது என்று சீட்டு வந்துவிட்டது. சரி, பணத்தை இன்னொரு கூட்டத்தில் பார்ப்போம். மனு வாசலில், டீ கேனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடியுங்கள். நன்றி, வணக்கம்.