படித்துக் காட்டுகிறவருக்கும் ஒரு பங்கு

அவையோருக்கு என் பணிவான வணக்கம்.

குழந்தைகளுக்கென எழுதப்படும் நூல்களுள் பெரும்பாலானவை, பருவம் மாறியதும் பரணுக்குப் போய்விடுகின்றன. சில நூல்கள் மட்டும் அப்படிப் போவதில்லை. ஒரு காலத்தில் மடியில் உட்கார்ந்து கேட்டவரே பின்னாளில் தம் பிள்ளையை மடியில் இருத்திக்கொண்டு அதே நூலைப் படித்துக் காட்டுகிறார். பிள்ளை தூங்கிய பிறகும் அடுத்த அத்தியாயத்தைத் தமக்காகப் புரட்டுகிறார். இத்தகைய நூல்கள் இரு சாராரையும் எதனால் கட்டிப்போடுகின்றன? என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குழந்தையிடம் பொய் சொல்லாத நூலைத்தான் பெரியவராலும் சலிப்பின்றிப் படிக்க முடிகிறது.

அமெரிக்க எழுத்தாளர் ஈ.பி. ஒயிட் 1952-இல் வெளியிட்ட ‘சார்லட்டின் வலை’யை எடுத்துக்கொள்வோம். அப்பா கோடரியை எடுத்துக்கொண்டு எங்கே போகிறார் என்று சிறுமி ஃபெர்ன் தன் தாயிடம் கேட்பதுதான் அதன் முதல் வரி. முந்தைய இரவு பிறந்த பன்றிக்குட்டிகளுள் மெலிந்த ஒன்றைக் கொல்லத்தான் அவர் போகிறார் என்பது அடுத்த சில வரிகளிலேயே தெரிந்துவிடுகிறது. பெண்ணின் கண்ணீரால் குட்டி அப்போதைக்குத் தப்புகிறது. பின்னர் மறுபடியும் அதன் உயிருக்கு ஆபத்து வரும்போது, சார்லட் என்னும் சிலந்தி தன் வலையில் சொற்களை நெய்து, ஊரே திரண்டு வந்து வியக்கும்படி செய்து, அதைக் காப்பாற்றுகிறது. ஆனால் அந்தச் சிலந்தியோ, கூட்டமெல்லாம் கலைந்துபோன கண்காட்சித் திடலில், அருகில் ஒருவருமின்றி இறந்துபோகிறது. அது உறங்கிவிட்டது என்றோ வேறோர் உலகுக்குப் போய்விட்டது என்றோ ஒயிட் பூசி மெழுகவில்லை.

அந்தச் சாவுக்குச் சற்று முன்னால் ஒரு காட்சி வருகிறது. உயரத்தில் ஒட்டியிருக்கும் சார்லட்டின் முட்டைப்பையை எடுத்துத் தர டெம்பிள்டன் என்னும் எலியின் உதவி தேவைப்படுகிறது. இனித் தீவனத் தொட்டியில் எலி வயிறாரத் தின்ற பிறகே தான் வாய்வைப்பதாகப் பன்றி வாக்குக் கொடுத்த பின்னர்தான் எலி அசைகிறது. கேட்கும் குழந்தைக்கு எலியின்மேல் கோபம் பொங்குகிறது. படித்துக் காட்டுகிறவருக்கோ, சாவு வீட்டிலும் கணக்குப் பார்த்த யார் யாரோ நினைவுக்கு வருகிறார்கள். எழுதப்பட்டது ஒரே பத்திதான். இருவருக்கும் அதில் முழுப் பங்கு இருக்கிறது. ஒயிட் இந்நூலைத் தம் குரலிலேயே ஒலிப்பதிவு செய்தபோது, சார்லட் இறக்கும் பகுதியைத் தொண்டை அடைக்காமல் படித்து முடிக்க 17 முறை முயல வேண்டியிருந்தது என்று அப்பதிவை நடத்தியவர் கூறியிருக்கிறார். தாமே படைத்த சிலந்திக்காகத் தாமே கலங்கிய அந்த முதியவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்மேல் மதிப்பு கூடுகிறது.

வாய்விட்டுப் படிப்பதற்கு முன்னால், வாயால் சொல்லப்பட்ட கதைகளும் உண்டு. 1862-ஆம் ஆண்டு ஜூலை 4 அன்று, ஆக்ஸ்போர்டில் கணிதம் கற்பித்த சார்ல்ஸ் டாட்ஜ்சன் மூன்று சிறுமியரைப் படகில் அழைத்துச் சென்றபோது சொன்ன கதையே, 1865-இல் லூயிஸ் கரோல் என்னும் புனைபெயரில் ஆலிஸின் கதையாக அச்சேறியது. அப்படகில் துடுப்புப் போட்டபடி ராபின்சன் டக்வொர்த் என்ற நண்பரும் கூடவே கேட்டுக்கொண்டு வந்தார் என்பது பலர் கவனிக்காத செய்தி. ஆக, முதல் நாளிலேயே அக்கதையைக் கேட்டவர்களுள் ஒரு பெரியவரும் இருந்திருக்கிறார். நீதிமன்றக் காட்சியில் முதலில் தண்டனை, தீர்ப்பு பிறகு என்று அரசி கூச்சலிடும்போது குழந்தை விழுந்து விழுந்து சிரிக்கிறது. அப்படிப்பட்ட நீதிமன்றங்கள் உலகில் உண்மையாகவே இருந்திருப்பதை அறிந்த பெரியவரின் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிடுகிறது.

செந்த் எக்சுபெரி 1943-இல் எழுதிய ‘குட்டி இளவரசன்’ பற்றி இங்கே நான் விரித்துரைக்கத் தேவையில்லை. நூலை ஒரு பெரியவருக்குக் காணிக்கையாக்கியதற்காக அவர் குழந்தைகளிடம் மன்னிப்புக் கேட்கும் முதல் பக்கமே போதுமானது.

நூல் சிறியதாக இருந்தாலும் இது நிகழக்கூடும். மோரிஸ் செண்டாக்கின் 1963-ஆம் ஆண்டுப் படநூலில், குறும்பு செய்ததற்காக இரவு உணவின்றி அறைக்கு அனுப்பப்பட்ட மேக்ஸ், கொடிய விலங்குகளின் தீவுக்குப் போய், அவற்றுக்கு அரசனாகித் திரும்பி வருகிறான். அறையில் அவனுக்காக உணவு காத்திருக்கிறது. கடைசிப் பக்கத்தில் படமே இல்லை, உணவு இன்னும் சூடாக இருந்தது என்ற செய்தி மட்டுமே இருக்கிறது. தாய் ஒரு படத்தில்கூடத் தோன்றுவதில்லை. குழந்தை அந்தத் தீவிலேயே திளைத்திருக்க, கோபம் தணிந்து தட்டை எடுத்து வந்து வைத்த அந்தத் தாயைப் படிக்கிறவர் கண்டுகொள்கிறார்.

இவ்வளவும் சொன்ன பிறகு, என்னை மிகவும் வருத்தும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். குழந்தைகள் தாங்கமாட்டார்கள் என்று கருதி, சாவையும் அச்சத்தையும் கத்தரித்துவிட்டு வெளியிடப்படும் சுருக்கப் பதிப்புகள் எங்கும் மலிந்து கிடக்கின்றன. இத்தாலியரான கார்லோ கொலோடி 1881-இல் பினோக்கியோவை ஒரு சிறுவர் இதழில் தொடராக எழுதத் தொடங்கியபோது, பதினைந்தாம் அத்தியாயத்தில் மரப்பாவை தூக்கில் தொங்குவதோடு கதையை முடித்துவிட்டார். சிறு வாசகர்கள் அஞ்சி ஓடவில்லை, மேலும் வேண்டும் என்றுதான் கேட்டார்கள். தொடர் மீண்டும் வளர்ந்து 1883-இல் நூலாயிற்று. ஆகையால் உங்கள் பிள்ளைகளுக்குப் பினோக்கியோவை வாங்கும்போது நான்காம் அத்தியாயத்தைப் புரட்டிப் பாருங்கள். அறிவுரை சொல்லும் சுவர்க்கோழியின்மேல் பினோக்கியோ மரச்சுத்தியலை வீசிக் கொன்றுவிடுவது அங்கே இருந்தால் வாங்குங்கள். சுவர்க்கோழி கடைசிவரை பக்கத்திலேயே துணையாக வந்துகொண்டிருந்தால், அதை வைத்துவிட்டு வேறு பதிப்பைத் தேடுங்கள்.