இரைச்சல் வரவுதான், நடுவர் அவர்களே!

நடுவர் ஐயாவுக்கும் அவையில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம். சஹாரா பாலைவனத்து நாடோடிகளான துவாரெக் மக்களின் பாலைவனக் கிட்டாரில் பங்க் என்ற முரட்டு ராக் இசை கலந்தது வரவா, செலவா என்பது இன்றைய வழக்கு. சான்றாக எடுத்துக்கொண்டிருப்பது நைஜர் நாட்டுத் துவாரெக் கிட்டார் கலைஞர் எம்டூ மொக்தாரின் குழு 2024 மே மாதம் வெளியிட்ட 'ஃப்யூனரல் ஃபார் ஜஸ்டிஸ்' ஆல்பம். நீதிக்கு இறுதிச் சடங்கு என்று பொருள். நைஜீரியா இல்லை, நைஜர். இதைச் சொல்லாவிட்டால் பின்வரிசையில் ஒருவர் கூகுளில் தப்பான நாட்டைத் தேடிக்கொண்டிருப்பார்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அக்கா நிலா, மணல், தேநீர், நடுவில் மெதுவாக ஒரு கிட்டார் என்று ஒரு காட்சியே காட்டிவிட்டார். டிக்கெட் எடுக்கலாமா என்று எனக்கே ஆசை வந்தது. துவாரெக்குகள் 'அசூஃப்' என்று சொல்லும் அந்த ஏக்கமும் தனிமையும் பங்க் இரைச்சலில் நசுங்கிப்போய்விட்டன, தூய்மை போய்விட்டது என்றார். சரி, தூய்மையிலிருந்தே தொடங்குவோம்.

அவர்களுடைய பழைய வாத்தியம் இம்ஸாத். ஒற்றைத் தந்தி, வில் போட்டு வாசிப்பது, வாசிப்பவர்கள் பெண்கள். தாளத்துக்குத் தெந்தே. தானியம் குத்துகிற மர உரலின் வாயில் ஆட்டுத்தோலை இழுத்துக் கட்டினால் தெந்தே தயார். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று நாம் தனித்தனியாகச் சொல்வோம். அவர்கள் உரலையே மத்தளமாக்கிவிட்டார்கள்! இதில் கிட்டார் எங்கே அக்கா? அது வந்ததே எழுபதுகளின் இறுதியில்தான். அறுபதுகளின் தொடக்கத்தில் மாலியில் எழுந்த துவாரெக் கிளர்ச்சி நசுக்கப்பட்டது. அப்புறம் எழுபதுகளின் பஞ்சத்தில் கால்நடைகள் மடிந்தன. பிழைப்புத் தேடி அல்ஜீரியாவுக்கும் லிபியாவுக்கும் போன பையன்கள் கையில் எடுத்ததுதான் கிட்டார். அந்தப் பையன்களுக்கு 'இஷுமார்' என்று பெயர். வேலையில்லாதவன் என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. அக்கா தூய்மை என்று சொன்ன இசைக்கு, வேலை கிடைக்காதவன் இசை என்றுதான் ஊரில் பேர்.

அவர்களில் ஒருவர் இப்ராஹிம் அக் அல்ஹபீப். அந்தக் கிளர்ச்சியில், 1963இல், தந்தையைப் பறிகொடுத்தவர். சிறுவனாக இருந்தபோது தகர டின், ஒரு குச்சி, சைக்கிள் பிரேக் கம்பி, இவற்றை வைத்துத் தானே கிட்டார் செய்தார். பின்னால் தினாரிவென் குழுவைத் தொடங்கினார். பாட்டுகள் கேசட்டில் பதிவாகி, கைமாறிக் கைமாறிப் பாலைவனம் முழுக்கப் போயின. அடுத்த தலைமுறை எம்டூ மொக்தார். அவருடைய முதல் கிட்டாரிலும் சைக்கிள் பிரேக் கம்பிதான். கேசட் போய் செல்போன் வந்தது. அவர் பாட்டுகள் மெமரி கார்டிலும் ப்ளூடூத்திலும் பரவின.

இப்போது இங்கிலாந்துக்கு வாருங்கள். அதே எழுபதுகள், அங்கேயும் வேலையில்லாத பையன்கள். ரசிகர்களே அச்சடித்த ஒரு சின்ன இதழில் கிட்டாரில் வாசிக்கும் மூன்று சுரக்கூட்டுகளின் படத்தைப் போட்டு, இனி போய் ஒரு குழு தொடங்கு என்று எழுதினார்கள். பங்க் என்பது அவ்வளவுதான். சொந்தக் காசு, கிடைத்த கருவி, கோபம், கேசட். கடல் தாண்டிப் போய்ச் சேர வேண்டிய சரக்கா இது? பிரேக் கம்பியைப் பிடுங்கிய அன்றே இவர்களிடம் இருந்ததே!

"குழுவில் பாஸ் கிட்டார் வாசிப்பவர் அமெரிக்கர், அவர்தான் தயாரிப்பாளரும், அவர்தான் கெடுத்தார்" என்று எதிரணியில் ஒரு தம்பி துள்ளினார். மைக்கி கோல்ட்டன் வாஷிங்டன் பங்க் வட்டாரத்தில் வளர்ந்தவர், உண்மைதான். ஆனால் நைஜரில் இந்தக் குழுக்களின் முக்கிய மேடை கல்யாண வீடு. ஒலிபெருக்கி கிழிகிற அளவு சத்தம், ஆடுகிறவர்கள் நிறுத்தவிடாத வேகம். மேலைநாட்டு ஸ்டுடியோக்கள்தான் பல காலம் அதைத் துடைத்து மெருகேற்றி, ஓட்டல் வரவேற்பறைக்கு ஏற்றதாக அனுப்பிவைத்தன. இந்த ஆல்பம் அந்த மெருகைச் சுரண்டி எடுத்திருக்கிறது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இது மூன்று சுரக்கூட்டு பங்க் இல்லை. எம்டூ மொக்தார் இடக்கையர், தந்தியை மீட்டும் பிக் என்ற துண்டு இல்லாமல் விரலாலேயே மீட்டுகிறவர், அந்த விரல் போகும் வேகம் பங்க்காரர்களுக்கு வராது. முரட்டுத்தனம் தாளத்திலும் ஒலியிலும் இருக்கிறது. சொல்லிலும் இருக்கிறது. முதல் பாட்டே ஆப்பிரிக்கத் தலைவர்களைக் கூப்பிட்டு, பிரான்சும் அமெரிக்காவும் சொல்வது மட்டும்தான் உங்கள் காதில் விழுமா என்று கேட்கிறது. தன் நாட்டு ஆர்லித் ஊர் மண்ணைத் தோண்டி யுரேனியம் பல பத்தாண்டுகளாகப் பிரான்சுக்குப் போனதைப் பார்த்தவன் அதைத் தாலாட்டு ராகத்தில் கேட்பானா?

2015இல் அவர் நடித்த படம் ஒன்று வந்தது. பிரின்ஸ் என்ற அமெரிக்கப் பாடகரின் 'பர்ப்பிள் ரெய்ன்' படத்தை வைத்து எடுத்தது. துவாரெக்குகள் பேசும் தமாஷெக் மொழியில் ஊதாவுக்குத் தனிச்சொல் இல்லை. அதனால் படத்தின் பெயரே 'கொஞ்சம் சிவப்பு கலந்த நீல நிற மழை' என்று ஆனது. கலப்பதற்கு அந்த மொழி கூச்சப்படவில்லை. நமக்கு ஏன் கூச்சம்?

கடைசியாக, அக்கா கையில் வைத்திருந்த துருப்புச் சீட்டு. அதே பாட்டுகளை மின்சாரம் இல்லாத கிட்டாரில் மறுபடி வாசித்து 2025இல் 'டியர்ஸ் ஆஃப் இன்ஜஸ்டிஸ்' என்று வெளியிட்டார்களே, அது இரைச்சலுக்காகப் பட்ட வருத்தம்தானே என்றார். தேதியைப் பாருங்கள் அக்கா. 2023 ஜூலையில் அவர்கள் அமெரிக்காவில் சுற்றுப்பயணத்தில் இருந்தபோது நைஜரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. எல்லைகள் மூடின. குடும்பம் அங்கே, இவர்கள் இங்கே. பயணம் முடிந்த கையோடு புரூக்ளினில் உட்கார்ந்து அந்த அமைதியான ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். இரைச்சல் ஆல்பம் கடைக்கு வருவதற்குப் பல மாதங்கள் முன்பே! வெளிவராத ஒன்றுக்கு யாராவது வருந்துவார்களா? அந்த அசூஃப் இரண்டு ஆல்பத்திலும் இருக்கிறது. ஒன்றில் உட்கார்ந்து அழுகிறது, இன்னொன்றில் எழுந்து நின்று கத்துகிறது.

மணி அடித்துவிட்டார்கள், தீர்ப்பை நடுவர் ஐயாவிடம் விடுகிறேன். ஆடியோ தம்பி, நான் இறங்குவதற்குள் அந்த முதல் பாட்டைக் கொஞ்சம் போடுங்கள். சத்தத்தைக் குறைக்க வேண்டாம்.