கெட்ட செய்தி எப்போது வந்து சேரும்?

நேயர்களுக்கு வணக்கம்.

பல வருடங்களுக்கு முன்பு நடந்தது. இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் சிறிய நிறுவனம் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலை எங்கள் கணக்காளர் என் அறை வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு தாள். அதை நான்காக மடிப்பதும் பிரிப்பதும் மறுபடி மடிப்பதுமாக இருந்தார். "என்ன விஷயம்?" என்றேன். "வங்கியிலிருந்து கடிதம், சார்" என்றார். எங்கள் கடன் வரம்பைக் குறைத்துவிட்டார்கள். சரி என்று தேதியைப் பார்த்தால், ஒன்பது நாளைக்கு முந்தைய தேதி.

ஒன்பது நாள் அந்தக் கடிதம் அவருடைய மேசை இழுப்பறைக்குள் கிடந்திருக்கிறது. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. இரண்டு வாரம் முன்னால் ஒரு பெரிய ஆர்டர் ரத்தானபோது அந்தச் செய்தியைக் கொண்டுவந்தவரும் அவர்தான். அன்று நான் போட்ட கூச்சல் பட்டறை வரைக்கும் கேட்டது. கடிதம் வந்த அன்றே என் கைக்குக் கிடைத்திருந்தால் மூலப்பொருள் வாங்குவதைத் தள்ளிப்போட்டிருப்பேன். வரவேண்டிய பாக்கியை முன்கூட்டியே கேட்டிருப்பேன். எல்லாம் கைமீறிப் போனது. மனிதர் நேர்மையானவர். தவறு என்னுடையது.

பதறாத காரியம் சிதறாது என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். நான் அதை இத்தனை காலம் என் உடம்புக்கும் மனதுக்கும் சொன்ன அறிவுரை என்றே நினைத்திருந்தேன். அன்றுதான் வேறு விதமாகப் புரிந்தது. தலைமையில் இருப்பவர் பதறினால் அவரைச் சுற்றியிருப்பவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். நிறுவனத்தில் என்ன நடக்கிறது என்பது கடைசியாகத் தெரியவரும் ஆள் அவராகத்தான் இருப்பார்.

1970 ஏப்ரல் 13. நிலவை நோக்கிப் போன அப்பல்லோ 13 விண்கலத்தில் ஆக்சிஜன் கலன் வெடித்தது. பூமியிலிருந்து ஏறத்தாழ 3,30,000 கிலோமீட்டர் தூரத்தில் மூன்று பேர். தரைக் கட்டுப்பாட்டு அறையில் பொறுப்பில் இருந்தவர் ஜீன் கிரான்ஸ். திரையில் வந்த எண்கள் எதுவும் நம்பும்படி இல்லை. அவர் தம் குழுவினரிடம் சொன்னது இவ்வளவுதான்: நிதானமாக இருங்கள், பிரச்சினையைத் தீர்ப்போம், ஊகம் செய்து அதை இன்னும் மோசமாக்க வேண்டாம். அந்தக் குரல் பதிவாகியிருக்கிறது. நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அப்படிப் பேசுகிறவரிடம், தனக்கு முன்னால் இருக்கும் எண்ணை உள்ளபடி சொல்ல யாருக்கும் பயம் வராது. நான்கு நாள் கழித்து மூவரும் உயிரோடு திரும்பினார்கள்.

கூச்சல் போடாமல் இருந்தால் மட்டும் போதுமா? போதாது. கவனம் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். 1972 டிசம்பர் 29 இரவு, ஒரு பயணிகள் விமானம் மியாமியில் இறங்கத் தயாரானது. முன்சக்கரம் இறங்கிப் பூட்டிக்கொண்டதைக் காட்டும் சின்ன விளக்கு எரியவில்லை. பல்பு போய்விட்டதா, சக்கரமே சிக்கிக்கொண்டதா? விமானி அறையில் இருந்த அத்தனை பேரும் அந்த விளக்கில் மூழ்கிவிட்டார்கள். விமானத்தை ஒரே உயரத்தில் வைத்திருந்த தானியங்கிக் கட்டுப்பாடு விலகிவிட்டதை ஒருவரும் கவனிக்கவில்லை. விமானம் மெல்ல மெல்ல இறங்கிச் சதுப்பு நிலத்தில் மோதியது. 100 பேருக்கு மேல் இறந்தார்கள். பழுதானது அந்தச் சின்ன விளக்கு மட்டும்தான்.

இந்தச் சம்பவத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். நெருக்கடியில் நாமும் இதையேதான் செய்கிறோம். கோபமாக வந்த ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவதில் அரை நாளைத் தொலைக்கிறோம். அந்த நேரத்தில் அடுத்த மாதச் சம்பளத்துக்குப் பணம் இருக்கிறதா என்று பார்க்க ஆள் இருக்காது. விமானிகளுக்கு ஒரு பாடம் உண்டு. முதலில் விமானத்தைப் பறக்க வை, அடுத்து எங்கே போகிறோம் என்று பார், அதற்குப் பிறகு பேசு. தொழிலில் பறக்க வைப்பது என்றால் கையிருப்புப் பணமும், ஆட்களின் பாதுகாப்பும். மற்றதெல்லாம் அப்புறம்.

சொல்வது சுலபம், அந்த நேரத்தில் செய்வது கடினம். ஒத்துக்கொள்கிறேன். அதிர்ச்சி வந்த சில நொடிகளிலேயே அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரந்து இதயம் படபடக்கும், பார்வை ஒரே இடத்தில் குவியும். எதிரில் பாம்பு நின்றால் அது உயிரைக் காப்பாற்றும். ஒப்பந்தத்தைப் படித்து முடிவெடுக்க உதவாது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது உடம்பளவிலும் உண்மை. நான் பழகிக்கொண்டது மிகச் சின்ன விஷயம். கெட்ட செய்தி வந்ததும் மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கி ஐந்தாறு முறை விடுவேன். இதயத் துடிப்பு தானாக இறங்கும். பிறகு ஒரு தாளின் நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் உறுதியாகத் தெரிந்ததையும் வலப்பக்கம் நான் பயப்படுவதையும் எழுதுவேன். பெரும்பாலும் வலப்பக்கம்தான் நிரம்பி வழியும். முடிவுகளை இடப்பக்கத்தை வைத்து மட்டும் எடுப்பேன். செய்தி கொண்டுவந்தவரிடம் முதலில் சொல்லும் வார்த்தை, "உடனே சொன்னதற்கு நன்றி." ஆரம்பத்தில் அது என் வாயில் இயல்பாக வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன். ஆனாலும் சொன்னேன்.

எங்கள் கணக்காளர் நம்பிக்கை வைக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. ஒரு நாள் மதியம் கதவைத் தட்டி உள்ளே வந்தார். கையில் வங்கியின் உறை. ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது.

"இப்பத்தான் வந்துச்சு, சார். நானும் இன்னும் பிரிக்கலை. சேர்ந்தே பார்ப்போமா?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

வணக்கம்.