காணாக்கடியும் சைக்ளோஸ்போரினும்

[திரையில்: ஒரு முன்கை. நீலப் பேனாவால் போட்ட வட்டம்.]

இந்த வட்டம் நேற்று ராத்திரி ஒரு தடிப்பைச் சுற்றிப் போட்டது. இப்போது உள்ளே ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு விரல் தள்ளி, புதிதாக ஒன்று கிளம்பியிருக்கிறது. ஒரே தடிப்பு 24 மணி நேரம் தாண்டி நிற்பது அபூர்வம். இப்படி வந்து வந்து போவது ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தால், அது நாள்பட்ட அர்ட்டிகேரியா. நம் ஊர்ப் பேச்சில் காணாக்கடி. கண்ணில் படாத ஏதோ கடித்துவிட்டதாம்.

எதுவும் கடிக்கவில்லை. பலருக்கு, சொந்த எதிர்ப்பு சக்தியே தோலில் உள்ள மாஸ்ட் செல்களைச் சீண்டி, தடிப்பையும் அரிப்பையும் கிளப்பும் ஹிஸ்டமைன் என்ற பொருளைக் கொட்ட வைக்கிறது. இது தெரியாமல் கத்தரிக்காய், கருவாடு, முட்டை என்று ஒவ்வொன்றாக விட்டுவிட்டு வாடுகிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

முதல் மருந்து, தூக்கம் அதிகம் தராத அலர்ஜி மாத்திரை. டாக்டர் மேற்பார்வையில் நாலு மடங்கு வரை கூட்டலாம். அடுத்து ஓமலிசுமாப் ஊசி, நாலு வாரத்துக்கு ஒரு முறை. அதுவும் கேட்கவில்லை என்றால்தான் சைக்ளோஸ்போரின்.

[திரையில்: நார்வேயின் ஹார்டாங்கர்விட்டா பீடபூமி.]

இங்கே அள்ளிய மண்ணில் இருந்த ஒரு பூஞ்சையிலிருந்து கிடைத்த மருந்து இது. எதிர்ப்பு சக்தியை அடக்கும் அதன் குணத்தை சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவனம் 1972-ல் கண்டது. மாற்றி வைத்த சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் காக்கப் பெயர் பெற்றது. எதிர்ப்பு சக்தியின் வெள்ளை அணுக்களான டி செல்களுக்குள் கால்சினியூரின் என்ற நொதியைத் தடுக்கிறது. ஹிஸ்டமைன் வெளியேறுவதையும் குறைக்கிறது.

[திரையில்: பட்டையிலிருந்து காப்ஸ்யூலைப் பிரிக்கும் கை.]

பிரித்ததும் ஒரு வாடை அடிக்கும். பயப்பட வேண்டாம், கெட்டுப்போனதல்ல.

அளவு பெரும்பாலும் உடல் எடையில் கிலோவுக்கு 3 முதல் 5 மில்லிகிராம். 60 கிலோ இருப்பவருக்கு நாளுக்கு 180 முதல் 300, இரண்டு வேளையாகப் பிரித்து. சரி, இனி கவனிக்க வேண்டியது. மாற்றுச் சிறுநீரகத்தைக் காக்கும் இதே மருந்து, நம் சிறுநீரகத்தைப் பாதிக்கவும் கூடும். அதனால் தொடங்கும் முன்பே பிரஷரும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று ரத்தத்தில் காட்டும் கிரியாட்டினினும் பார்க்க வேண்டும். பிறகும் விடாமல் பார்க்க வேண்டும். "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று தயவுசெய்து ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். பிரஷர் ஏறுவது வெளியே தெரியாது. கை நடுக்கம், ஈறு வீக்கம், முடி அதிகம் முளைப்பது ஆகியவை தெரியும், சொல்லிவிடுங்கள். மெடிக்கலில் நீங்களாக வலி மாத்திரை வாங்காதீர்கள். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் இந்த மருந்தை ரத்தத்தில் ஏற்றிவிடும், பம்ளிமாஸும் ஏற்றக்கூடும்.

நாக்கு வீங்கினாலோ மூச்சு திணறினாலோ, எந்த மருந்தில் இருந்தாலும் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அப்புறம் அந்தப் பேனா. தினமும் காலண்டரில் குறித்து வையுங்கள்: தடிப்பு 20-க்குள்ளா, 50-க்குள்ளா, அதற்கு மேலா? அரிப்பு எவ்வளவு? ஏழு நாள் கணக்கைக் காட்டினால், அளவைக் குறைக்கலாமா என்று டாக்டர் அதை வைத்தே யோசிப்பார்.