மாலர் கையில் இருந்த கோல்

நடுவர் அவர்களே, அவையில் இருக்கும் இசை அன்பர்களே, வணக்கம். ‘குஸ்தாவ் மாலரின் படைப்புக்கு, இசைக்குழு நடத்தும் வேலை துணையா, தடையா?’ என்பது தலைப்பு. மாலர் ஆஸ்திரிய இசையமைப்பாளர்; கையில் கோல் பிடித்து அசைத்து இசைக்குழுவை நடத்தியவரும் அவரே. அந்த வேலை துணையே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி அம்மா ஒரு கணக்குப் போட்டார். ஆண்டெல்லாம் ஓபரா என்னும் இசைநாடக அரங்கு பிடுங்கிக்கொண்டது, மிஞ்சிய கோடை விடுமுறையில்தானே எழுத முடிந்தது என்றார். சரி, ஒப்புக்கொள்கிறேன். 1897இல் வியன்னா அரசவை ஓபராவுக்கு இசைக்குழு நடத்தப் போனவருக்கு அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் ஒரு சிம்பொனியும், அதாவது முழு இசைக்குழுவும் வாசிக்கும் நீண்ட படைப்பு ஒன்றும், பிறக்கவில்லை.

ஆனால் அப்புறம் என்ன நடந்தது? ஆஸ்திரியாவில் மையர்னிக் என்ற ஊரின் ஏரிக்கரையில் வீடும், எழுதுவதற்குக் காட்டுக்குள் ஒரு குடிலும் கட்டினார். ஓபரா வேலை கட்டிக்கொடுத்த இடம் அது. ஐந்து முதல் எட்டு வரை நான்கு சிம்பொனிகளை அங்கேதான் எழுதினார், பதவியில் இருந்தபடியே.

ஐந்தாவதைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1904இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் அவரே நடத்தி அரங்கேற்றிய படைப்பு. தாள வாத்தியங்கள் மற்ற ஒலிகளை மூழ்கடிப்பது ஒத்திகையில் காதில் விழுந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. குறைத்தார். அதோடு விட்டாரா? 1911 வரை திருத்திக்கொண்டே இருந்தார். ஆறாவதில், பெரிய சம்மட்டியையே வாத்தியம் போல ஓங்கி அடிக்கும் மூன்று அடிகளை எழுதியிருந்தார். நடத்திப் பார்த்தபின் மூன்றாவதை எடுத்துவிட்டார். கோல் வேறொருவர் கையில் இருந்திருந்தால், பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்.

முதல் சிம்பொனியின் தொடக்கத்தில் எக்காளங்கள் வெகு தூரத்திலிருந்து ஒலிக்க வேண்டும் என்று எழுதினார். ஓபராவில் திரைக்குப் பின்னால் வாத்தியக்காரர்களை நிறுத்துவது வழக்கமான வேலை. அந்த வேலையில் இருந்தவருக்குத் தூரத்தின் ஒலி தெரியாமல் போகுமா?

‘ஒன்பதாவதை அவர் நடத்தவே இல்லையே’ என்று எதிரணி கேட்கலாம். உண்மைதான். 1911 மே மாதம் மாலர் இறந்தார். மறு ஆண்டு ப்ரூனோ வால்டர் என்ற இசைக்குழு நடத்துநர்தான் வியன்னாவில் அதை நடத்தினார். அதன் கடைசிப் பக்கத்தில் தந்தி வாத்தியங்கள் மட்டும், மூச்சைவிட மெல்லியதாக. பெரிய அரங்கின் கடைசி வரிசை வரை அது போய்ச் சேரும் என்று, ஒருமுறைகூடக் கேட்காமல், 1909இல் எழுதிவிட்டார். 1880இல் பாட் ஹால் என்ற சிற்றூரில் கோலைக் கையில் எடுத்தவர், நடுவர் அவர்களே. ஏறக்குறைய 30 ஆண்டு இசைக்குழுவின் முன் நின்ற காது அது. அந்தக் காதை அவருக்குக் கொடுத்தது எந்த வேலை என்று எதிரணி சொல்லட்டும்.