முழுமனதோடே அல்ல

கர்த்தருக்குள் பிரியமான நேயர்களுக்கு என் அன்பின் வணக்கம்.

வேதத்தில் ஒரு வசனம் என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை. 2 நாளாகமம் 25ஆம் அதிகாரம். அமத்சியா 25 வயதில் யூதாவுக்கு ராஜாவாகிறான். கர்த்தரின் பார்வைக்குச் செம்மையானதைச் செய்தான் என்று எழுதியிருக்கிறது. அத்தோடு நின்றிருக்கக்கூடாதா! ஆனாலும் முழுமனதோடே செய்யவில்லை என்று கூடவே வருகிறது.

செய்ததில் பிழையில்லை. தகப்பனைக் கொன்றவர்களைத் தண்டித்தபோதுகூட, நியாயப்பிரமாணத்தின்படி அவர்கள் பிள்ளைகளைத் தொடாமல் விட்டவன் அவன். பிறகென்ன குறை?

ஏதோமியரோடு யுத்தத்துக்குப் போகுமுன், பக்கத்து ராஜ்யமான இஸ்ரவேலிலிருந்து ஒரு லட்சம் வீரரை 100 தாலந்து (அந்நாளைய எடை அளவு) வெள்ளிக்கு அமர்த்துகிறான். தேவனுடைய மனுஷன் ஒருவர் வந்து, அவர்கள் உம்மோடு வரவேண்டாம் என்கிறார். ராஜா என்ன கேட்கிறான் தெரியுமா? அப்படியானால் நான் கொடுத்த 100 தாலந்து? கர்த்தர் அதைவிட அதிகமாய் உமக்குக் கொடுக்கக்கூடும் என்று பதில் வருகிறது. கீழ்ப்படிந்தான், அனுப்பிவிட்டான், ஜெயித்தும் விட்டான். ஆனால் திரும்பி வரும்போது, தோற்றுப்போன அந்த ஏதோமியரின், அதாவது சேயீர் புத்திரரின் தெய்வங்களைக் கையோடு கொண்டுவந்து, அவைகளுக்கு முன் பணிந்துகொண்டான். தங்கள் சொந்த ஜனத்தையே தப்புவிக்க முடியாத தெய்வங்கள்! மனசில் ஒரு மூலையைக் கர்த்தருக்குக் கொடுக்காமலே வைத்திருந்தான். அங்கேதான் அவை வந்து உட்கார்ந்தன.

அவனைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. கூடப்பிறந்த அண்ணனோடு சொத்து விஷயமாய் மனஸ்தாபம். நான்கு வருஷம் பேச்சுவார்த்தை கிடையாது. அந்த நான்கு வருஷமும் ஆராதனைக்குத் தவறியதில்லை, தசமபாகம் தவறியதில்லை, உபவாசமும் உண்டு. ஜெபத்தில் குடும்பத்தார் ஒவ்வொருவர் பேராய்ச் சொல்லிக்கொண்டே வருவேன். அண்ணன் பேர் வரும் இடத்தில் தொண்டை அடைக்கும். அவர் பிள்ளைகள் பேருக்குத் தாவிவிடுவேன். எல்லாவற்றையும் ஆண்டவருக்குக் கொடுத்தாயிற்று என்றுதான் நினைத்திருந்தேன்.

மாற்கு 12ஆம் அதிகாரத்து ஏழை விதவையின் கையில் இருந்தது இரண்டு காசு. ஒன்றைக் காணிக்கைப் பெட்டியில் போட்டு ஒன்றை முந்தானையில் முடிந்துகொண்டிருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பாதியைக் கொடுத்தாளே என்று மெச்சியிருப்பார்கள். அவள் இரண்டையும் போட்டாள். நான் முடிந்துவைத்திருந்த அந்த ஒற்றைக் காசு, என் அண்ணன் பேர்.

ஒருநாள் விடியற்காலையில் முழங்காலில் இருந்தபடியே அந்தப் பேரைச் சத்தமாய்ச் சொன்னேன். அதற்குமேல் ஜெபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. எழுந்து போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வைத்துவிடலாமா என்று நினைக்கும்போது, தூக்கக் குரலில் அண்ணன் கேட்டார்: "என்னப்பா, இந்நேரத்துல? உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"