கேம் போட்டால் மட்டும் ஏன் ஆஃப் ஆகிறது?

வணக்கம் நேயர்களே. மதுரையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். பரீட்சை முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருக்கும் ஏப்ரல், மே மாதங்களில் எனக்கு வரும் போன்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "அண்ணே, படம் பார்த்தா ஒண்ணும் ஆகல, நெட் பார்த்தா ஒண்ணும் ஆகல, கேம் போட்டா மட்டும் பத்து நிமிஷத்துல ஆஃப் ஆயிருதுண்ணே." உடனே அடுத்த கேள்வி: "கிராபிக்ஸ் கார்டு போயிருச்சுன்னு சொல்றாங்க, புதுசு எவ்வளவு ஆகும்?" நான் இன்று பேச வந்தது இந்த இரண்டாவது கேள்வியைப் பற்றித்தான். கேபினட்டைத் திறக்கவில்லை, எதையும் அளக்கவில்லை, அதற்குள் திரைக்குப் படம் அனுப்பும் அந்த கார்டு செத்துவிட்டது என்று முடிவு கட்டி, கடன் வாங்கியாவது புதுசு வாங்கித் தர அந்த வீட்டு அப்பா கிளம்பிவிடுகிறார். கொஞ்சம் பொறுங்கள். கம்ப்யூட்டர் விழுகிறது என்பது தெரியும், எப்படி விழுகிறது என்று பார்த்தீர்களா?

கேம் மட்டும் முடிந்து டெஸ்க்டாப்புக்குத் திரும்பி வருவது ஒரு விதம். படம் அப்படியே உறைந்து ஸ்பீக்கரில் ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வருவது இன்னொரு விதம். நீலத் திரை வருவது வேறு, திரை கறுத்துப்போய் கார்டின் ஃபேன் மட்டும் முழு வேகத்தில் இரைவது வேறு. கரண்ட் போன மாதிரி பட்டென்று மொத்தமும் அணைந்துபோவது முற்றிலும் வேறு. கேம் மட்டும் மூடினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த கேமின் ஃபைல்களையும், கார்டை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருளான டிரைவரையும். கரண்ட் போன மாதிரி அணைந்தால் டிரைவரைத் தொடவே வேண்டாம், எஸ்.எம்.பி.எஸ்ஸும் (உள்ளே எல்லாப் பாகங்களுக்கும் கரண்ட் தரும் பவர் சப்ளை டப்பா) சூடும்தான் முதல் சந்தேகம். எது மாதிரி விழுந்தது, எத்தனை மணிக்கு, கேம் தொடங்கி எவ்வளவு நேரத்தில் என்று ஒரு தாளில் எழுதி வைத்தீர்கள் என்றால் மெக்கானிக்குக்குப் பாதி வேலை மிச்சம். நீலத் திரை கண்ணில் படுவதற்குள் ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறது என்றால், விண்டோஸின் சிஸ்டம் செட்டிங்கில் தானாக ரீஸ்டார்ட் ஆகும் வசதியை எடுத்துவிடுங்கள், அதில் வரும் வாசகத்தை அப்புறம் நிதானமாக போனில் படம் எடுக்கலாம். நடந்ததையெல்லாம் விண்டோஸ் குறித்து வைக்கும் ஈவன்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்று ஒரு பதிவு இருக்கும். அதைப் பார்த்ததும் பவர் சப்ளை போய்விட்டது என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறையப் பேர். ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் கம்ப்யூட்டர் நின்றது என்பதை மட்டும்தான் அந்தப் பதிவு சொல்கிறது, காரணத்தை அது சொல்வதில்லை.

சூட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், நம் ஊர் வெயிலில் அது பெரிய விஷயம். நெட் பார்க்கும்போது கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் கிட்டத்தட்ட சும்மா இருக்கின்றன; கேம் போட்டதும் இரண்டும் ஒன்றாக முழு வேலையில் இறங்குகின்றன. பெரும்பாலான டெஸ்க்டாப் பிராசஸர்கள் 95, 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதையும் மீறினால் கருகிப்போகாமல் இருக்க அணைத்துக்கொள்ளும். கத்திரி வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறை மாலையிலும் 36, 37 டிகிரி இருக்கும்போது, டிசம்பரில் 80-இல் நின்ற பிராசஸர் இப்போது 90-ஐத் தாண்டுவதில் ஆச்சரியம் இல்லை. இதில் கம்ப்யூட்டர் டேபிள் வேறு. கேபினட்டை உள்ளே தள்ளி, தூசி படியக் கூடாது என்று முன்னால் ஒரு கதவும் வைத்திருப்பார்கள். வெளியே போன சூடான காற்றையே கம்ப்யூட்டர் திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும்.

வில்லாபுரம் பக்கம் ஒரு வீட்டில் அப்படித்தான் இருந்தது. பையன் கேபினட்டைச் சுத்தமாகவே வைத்திருந்தான், பக்கப் பலகையைத் திறந்து பிரஷ்ஷால் தட்டியிருந்தான், பார்வைக்குத் தூசியே இல்லை. பிராசஸர் மேலிருந்த ஃபேனின் நாலு பின்னையும் விடுவித்துத் தூக்கினேன். ஃபேனுக்கும், சூட்டை இழுத்துக்கொள்ளும் ஹீட்சிங்க்கின் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில், கம்பளித் துண்டு மாதிரி சாம்பல் நிறத்தில் தூசி படிந்து கிடந்தது, விரலால் பிடித்து இழுத்ததும் கிழியாமல் ஒரே துண்டாக வந்தது. அதைத் தாண்டிக் காற்று எப்படிப் போகும்? கீழே, பிராசஸரின் சூட்டை ஹீட்சிங்க்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்புப் பொடியாகி இருந்தது. பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகக் கொஞ்சம் வைத்து, கேபினட்டை டேபிளுக்கு வெளியே எடுத்து வைத்தோம். அவ்வளவுதான் வேலை. ஹெச்டபிள்யூ மானிட்டர் மாதிரி இலவச மென்பொருள் ஒன்றைப் பின்னால் ஓடவிட்டு கேம் ஆடினால், எந்தப் பாகம் எத்தனை டிகிரி வரை போனது என்று அது காட்டும். ப்ளோயர் அடிக்கும்போது மட்டும் ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் வெறித்தனமாகச் சுற்றவிட்டால் பேரிங் கெடும்.

சூடு சரியாக இருந்தும் பட்டென்று அணைகிறது என்றால் கரண்ட் பக்கம் வாருங்கள். கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணும்போது பிராசஸருக்கும் கார்டுக்கும் பணத்தை எல்லாம் கொட்டிவிட்டு, எஸ்.எம்.பி.எஸ் மட்டும் கேபினட்டோடு வந்ததே போதும் என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. மேலே 450 வாட் என்று ஸ்டிக்கர் இருக்கும். 12 வோல்ட் லைனில் எத்தனை ஆம்பியர் தரும் என்று அதே ஸ்டிக்கரில் பாருங்கள், கார்டு சாப்பிடுவது அதைத்தான். கிராபிக்ஸ் கார்டு மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்து 75 வாட் வரை எடுக்கும், 8 பின் கனெக்டர் ஒவ்வொன்றிலும் 150 வாட் வரை எடுக்கும், கண நேரத்துக்கு அதைவிட எகிறவும் செய்யும். அந்த நேரத்தில் மட்டமான எஸ்.எம்.பி.எஸ் தாங்காது. மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தவர்கள் கேம் ஓடும்போது மஞ்சள் ஒயருக்கும் கறுப்பு ஒயருக்கும் நடுவில் அளந்து பாருங்கள், 11.4 வோல்ட்டுக்குக் கீழே போகவே கூடாது. எஸ்.எம்.பி.எஸ் டப்பாவை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் ஆபத்தான அளவு கரண்ட் தங்கியிருக்கும்.

அப்புறம் யுபிஎஸ். இது பலர் கண்ணுக்குப் படுவதே இல்லை. நம் வீடுகளில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். கேம் ஆடும் கம்ப்யூட்டரும் மானிட்டரும் சேர்ந்து அதைச் சுலபமாகத் தாண்டும். சாயங்காலம் தெருவெல்லாம் ஏசி ஓடி வோல்டேஜ் இறங்கும்போது யுபிஎஸ் பேட்டரிக்கு மாறுகிறது, லோடு தாங்காமல் கீச்சென்று கத்திவிட்டு நிற்கிறது. பிள்ளை கம்ப்யூட்டர்மேல் பழி போடுகிறான். கரண்ட்டைச் சதுர அலையாகத் தரும் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் வைத்திருக்கும் வீடுகளிலும் கவனம் வேண்டும், சில புது எஸ்.எம்.பி.எஸ்கள் அந்தக் கரண்ட்டோடு ஒத்துப்போகாமல், மாறும் நொடியிலேயே அணைந்துவிடுகின்றன. யுபிஎஸ்ஸை விட்டுவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள், பைசா செலவில்லாத சோதனை. கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று இருக்கிறதா? எர்த் இல்லை என்று அர்த்தம். கேம் விழுவது கிடக்கட்டும், அது உயிர் விஷயம், எலக்ட்ரீசியனை அன்றைக்கே கூப்பிடுங்கள்.

நீலத் திரை ஒவ்வொரு முறையும் வேறு வேறு வாசகத்தோடு வந்தால், கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகமான ராமைச் சந்தேகப்படலாம். பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும், மதர்போர்டின் அடிப்படை செட்டிங்) ராமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்.எம்.பி போட்டு 3200 வேகத்தில் ஓட்டிக்கொண்டிருந்தால் அதை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள், ராமைக் கழற்றித் தங்க முலாம் பூசிய முனையை அழிரப்பரால் மெதுவாகத் துடைத்து மாட்டுங்கள், ராத்திரி ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் மென்பொருளைப் பென் டிரைவில் போட்டு ஓடவிட்டுத் தூங்கப் போங்கள். ஒரு எரர் வந்தாலும் அந்த ராம் வேண்டாம். டிரைவர்மேல் சந்தேகம் என்றால், விண்டோஸ் குறைந்தபட்ச வசதியோடு மட்டும் ஓடும் சேஃப் மோடில் பழையதைச் சுத்தமாக நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுவதே போதும்.

இன்டெல் 13, 14ஆம் தலைமுறை ஐ7, ஐ9 டெஸ்க்டாப் பிராசஸர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. கிராபிக்ஸ் கார்டில் மெமரி நிறைய இருந்தும் 'வீடியோ மெமரி போதவில்லை' என்று சொல்லி கேம் மூடினால், கார்டை மாற்றப் போய்விடாதீர்கள். அந்த பிராசஸர்கள் சில நேரம் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு நாளடைவில் கெட்டுப்போகின்றன என்று 2024-இல் இன்டெல் நிறுவனமே ஒத்துக்கொண்டு, திருத்தத்தை பயாஸ் அப்டேட்டாகக் கொடுத்தது, வாரண்டியையும் 2 ஆண்டு நீட்டியது. ஏற்கெனவே கெட்டுப்போன பிராசஸரை அந்த அப்டேட் சரிசெய்யாது, வாரண்டியில்தான் மாற்ற வேண்டும். பில்லைத் தேடி எடுத்து வையுங்கள்.

எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ராமையும் எஸ்.எம்.பி.எஸ்ஸையும் ஒரே நாளில் மாற்றி, ஃபார்மட்டும் அடித்தால், எது குற்றவாளி என்று கடைசி வரை தெரியாது. சரியாகிவிட்டது என்று மெக்கானிக் சொன்னால், எந்த கேமில் எந்த நேரத்தில் விழுந்ததோ அதே கேமை, அதே சாயங்கால நேரத்தில், உங்கள் வீட்டு பிளக்கிலேயே இரண்டு மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். காலையில் கடை ஏசியில் வைத்து ஓட்டிக் காட்டினால் எந்தக் கம்ப்யூட்டரும் நன்றாகத்தான் ஓடும். வணக்கம்.